வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்டப் போகிறீர்களா? உரிமம் முதல் அபராதம் வரை அறிய வேண்டியவை

விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் இந்தியர்களில், சுற்றுலாப் பேருந்தின் நேரக் கணக்கிற்குக் கட்டுப்படாமல் தாமே கார் ஓட்டி ஊர் சுற்ற விரும்புவோர் பலர். ரயில் செல்லாத சிற்றூர்களையும் அவ்வாறு காணலாம். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் பெட்டிகளைச் சுமந்து அலையும் தொல்லையும் இல்லை. இணையத்தில் சில நிமிடங்களில் காரை முன்பதிவு செய்துவிடவும் முடிகிறது. ஆனால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஏற்கும் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதைப் பலர் விபத்து நேர்ந்த பின்னரே உணர்கின்றனர்.

வாடகைக் காரைப் பொறுத்தவரை உரிமம், ஒப்பந்தம், காப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓட்டுபவரின் உரிமம் அந்த நாட்டுச் சட்டப்படி செல்லாது எனில், அது வாடகை ஒப்பந்தத்தை மீறிய செயலாகிவிடும். ஒப்பந்தம் மீறப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். அந்நிலையில் காரின் சேதத்திற்கான செலவும், பிறருக்கு ஏற்பட்ட காயத்திற்கான இழப்பீடும் ஓட்டியவரின் தலையில் விழும். ஆகவே காரின் மாடலையும் வாடகையையும் ஒப்பிடுவதற்கு முன்பு, ஆவணங்களைச் சரிபார்ப்பதே முதல் வேலை.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்றால் என்ன?

1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டுள்ளது. அந்த உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் ஓட்டுநர் உரிமத்தை மற்ற நாடுகளின் அதிகாரிகள் படித்துப் புரிந்துகொள்வதற்காக வழங்கப்படும் ஆவணமே சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இதைத் தனி உரிமமாகக் கருதக் கூடாது. இந்திய உரிமத்தின் அசலையும் சேர்த்துக் காட்டினால்தான் இது செல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வோர் வாடகை நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

இந்தியாவில் இதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பிரிவில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம்; மாநிலத்திற்கேற்ப வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு நேரில் செல்லவும் நேரிடலாம். நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். மத்திய விதிகளில் குறிப்பிடப்பட்டுள்ள கட்டணம் 1,000 ரூபாய். மாநிலங்கள் சேவைக் கட்டணத்தைக் கூடுதலாக வசூலிக்கலாம். அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். இந்திய உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அனுமதியும் அன்றே காலாவதியாகும். பழகுநர் உரிமத்தை வைத்து இதைப் பெற முடியாது.

முன்னர் இந்த அனுமதிச் சீட்டின் வடிவம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டிருந்ததால், வெளிநாடுகளில் இந்தியர்கள் சிக்கலைச் சந்தித்தனர். இதையடுத்து 2022 ஆகஸ்ட் 26 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின் மூலம், நாடு முழுவதும் ஒரே வடிவம் கொண்டுவரப்பட்டது. உரிமத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க அதில் கியூஆர் குறியீடும் இடம்பெறுகிறது. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால், இந்தியத் தூதரகம் வழியாக மீண்டும் விண்ணப்பிக்கும் வசதி 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

'சர்வதேச உரிமம்' என்ற பெயரில் வண்ண அட்டைகளை விற்கும் தனியார் இணையதளங்கள் பல உள்ளன. அரசின் அதிகாரம் பெறாத இவற்றின் அட்டைகளுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. பணம் போவதோடு, போலீஸ் சோதனையில் போலி ஆவணம் காட்டியதாகவும் கருதப்படலாம்.

நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. பிரிட்டனில் இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே பெற்ற உரிமத்துடன் சர்வதேச அனுமதியோ, சான்றளிக்கப்பட்ட இத்தாலிய மொழிபெயர்ப்போ வேண்டும். சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் செல்லும் இந்தியருக்கும் சர்வதேச அனுமதி தேவை. ஜப்பான், 1949 உடன்படிக்கையின்கீழ் வழங்கப்பட்ட அனுமதியை மட்டுமே ஏற்கிறது. இந்தியாவின் அனுமதி அந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் விதி மாநிலத்தைப் பொறுத்தது.

தமிழகத்திற்கு மிக அருகில் உள்ள இலங்கையில், இந்தியாவில் பெற்ற சர்வதேச அனுமதியை நேரடியாகக் காட்டி ஓட்ட இயலாது. உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும். சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. சீனப் பெருநிலப் பகுதியில் சர்வதேச அனுமதி அறவே செல்லாது. அங்குத் தற்காலிக உள்ளூர் உரிமம் பெற்றாக வேண்டும்.

அரசு ஏற்றுக்கொண்டாலும் வாடகை நிறுவனம் கூடுதல் நிபந்தனை விதிக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. உரிமம் பெற்று குறைந்தது ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்பதும், 25 வயதுக்குட்பட்டோர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும் பரவலான நிபந்தனைகள். அந்த நாட்டின் அரசு இணையதளம், வாடகை நிறுவனத்தின் நிபந்தனைகள் இரண்டையும் படித்த பின்னரே முன்பதிவு செய்வது நல்லது.

கார் உரிமத்துடன் இருசக்கர வாகனம் ஓட்டுவதும் அடிக்கடி நிகழும் தவறு. தாய்லாந்திலும் பாலியிலும் தெருவோரக் கடைகளில் ஸ்கூட்டர் எளிதாக வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு இல்லையெனில், விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவைக் கோருவதுகூடச் சிக்கலாகிவிடும். பிணையாகப் பாஸ்போர்ட்டை விட்டுச் செல்லுமாறு கேட்கும் கடைகளையும் தவிர்க்க வேண்டும். சேதம் குறித்துத் தகராறு எழுந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் நாடு திரும்ப முடியாது.

கிரெடிட் கார்டும் பிணைத் தொகையும்

பெரும்பாலான வாடகை நிறுவனங்கள், முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்கின்றன. கணவரின் கார்டில் முன்பதிவு செய்துவிட்டு மனைவி காரை எடுக்கச் சென்றால் மறுக்கப்படலாம். டெபிட் கார்டைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் கூடுதல் காப்பீடு வாங்கச் சொல்லலாம்.

காரை ஒப்படைக்கும்போது, ஒரு தொகையை நிறுவனம் கார்டில் நிறுத்திவைக்கும். இது செலவாகாவிட்டாலும் கார்டின் கடன் வரம்பில் அந்த அளவு குறைந்துவிடும். கார் திரும்பிய பிறகு அது விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம். அதே கார்டில் ஓட்டல் கட்டணத்தையும் செலுத்தத் திட்டமிட்டிருப்போர் வரம்பை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு கார்டு இயக்கப்பட்டுள்ளதா என்பதையும் புறப்படுமுன் வங்கியின் செயலியில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கவுன்ட்டரில் ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்வது பொதுவாக லாபகரமானது. ரூபாயைத் தேர்ந்தால், அங்கு நிர்ணயிக்கப்படும் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை கலந்திருக்கும்.

காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது?

வாடகைக் காப்பீட்டில் மூன்று கூறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறருக்கு நேரும் காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கானது முதலாவது. வாடகைக் காருக்கு நேரும் சேதத்திற்கானது இரண்டாவது. கார் திருடுபோனால் பயன்படுவது மூன்றாவது.

ஐரோப்பிய நாடுகளில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால் வாடகையிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவில் இதன் அளவு மாநிலத்திற்கு மாநிலம் மாறும். வாடகையில் அடங்கிய தொகை மிகக் குறைவாக இருக்கலாம். அங்கு மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால், மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கான கூடுதல் காப்பீட்டைத் தவிர்ப்பது ஆபத்தானது.

காரின் சேதத்தைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட தொகை வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே நிறுவனம் ஏற்கும். எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளரின் பங்கு 1,500 யூரோ என ஒப்பந்தத்தில் இருந்தால், 900 யூரோ செலவாகும் பம்பர் பழுதை முழுமையாக அவரே செலுத்த வேண்டும். 4,000 யூரோ சேதம் என்றால் அவர் 1,500 யூரோ செலுத்துவார். இந்தப் பங்கைப் பூஜ்ஜியமாக்கும் கூடுதல் திட்டத்தையே கவுன்ட்டர் ஊழியர்கள் வலியுறுத்தி விற்கின்றனர். தனிக் காப்பீட்டு நிறுவனங்களும் இதே பாதுகாப்பை வழங்குகின்றன. ஆனால் தனிக் காப்பீடு எடுத்தவர் முதலில் தம் கையிலிருந்து பணம் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பக் கோர வேண்டும். இந்தியாவில் எடுக்கும் வழக்கமான பயணக் காப்பீட்டில் வாடகைக் காரின் சேதம் பெரும்பாலும் அடங்குவதில்லை.

டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, கூரை, சாவி தொலைதல், தவறான எரிபொருள் நிரப்புதல் ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் விலக்கப்படுவது வழக்கம். பழுது பார்க்கும் நாட்களில் காரை வேறொருவருக்கு வாடகைக்கு விட முடியாத இழப்பையும் நிறுவனம் கோரலாம்.

ஐஸ்லாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குச் சரளைக் கற்கள் தெறிப்பதாலும், மணலும் எரிமலைச் சாம்பலும் காற்றில் அடிப்பதாலும் ஏற்படும் சேதத்திற்குத் தனித்தனிக் காப்பீடுகள் விற்கப்படுகின்றன. பலத்த காற்றில் கதவைத் திறந்து, அது பின்னோக்கி வளைந்துவிட்டால் பெரும்பாலும் ஓட்டுநரே செலவை ஏற்க வேண்டும். எஃப் என்ற எழுத்துடன் குறிக்கப்படும் மலைநாட்டுச் சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கு ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் நீர் புகுந்தால், எந்தத் திட்டத்தை வாங்கியிருந்தாலும் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது.

காரை எடுக்கும் முன் ஒரு வலம்

நீண்ட விமானப் பயணக் களைப்பில் சாவியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதே பல தகராறுகளுக்குத் தொடக்கம். வெளிச்சமான இடத்தில் காரைச் சுற்றி வந்து, நான்கு பக்கங்களையும் சக்கரங்களின் விளிம்புகளையும் முன்கண்ணாடியையும் கூரையையும் இடைவெளியின்றி வீடியோ எடுக்க வேண்டும். எரிபொருள் அளவும் கிலோமீட்டர் எண்ணும் தெரியும் படமும் தேவை. ஒப்பந்தத்துடன் தரப்படும் வரைபடத்தில் இல்லாத கீறல் தென்பட்டால், கிளம்புமுன் ஊழியரைக் கொண்டு அதைக் குறிக்கச் செய்ய வேண்டும்.

ஐரோப்பாவில் கையால் கியர் மாற்றும் கார்களே பல இடங்களில் வழக்கமாகத் தரப்படுகின்றன. தானியங்கி கியர் வேண்டுவோர் முன்பதிவிலேயே தெரிவிக்க வேண்டும். பெட்ரோலா, டீசலா என்பதை எரிபொருள் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். குழந்தை இருக்கையையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முன்னதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் உயர வரம்பு 150 சென்டிமீட்டர்.

உடன் வருபவர் ஒருவர் மாற்றி ஓட்டுவதாக இருந்தால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது நேரும் விபத்துக்குக் காப்பீடு கிடைக்காது. எல்லை தாண்டி வேறு நாட்டிற்குச் செல்வதற்கும் முன் அனுமதி தேவை.

வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கவனம்

இந்தியாவைப் போலச் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தென்னாப்பிரிக்கா ஆகியவை அடங்கும். முதல்முறை செல்வோர் இவற்றில் தொடங்குவது எளிது. அமெரிக்கா, கனடா, வளைகுடா நாடுகள், ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவற்றில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

நெரிசலான சாலையில் மற்ற வாகனங்களைப் பின்தொடர்வதால் தவறு நேர்வது அரிது. காலையில் ஓட்டலிலிருந்து வெளியேறும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து திரும்பும்போதும், ஆளரவமற்ற கிராமச் சாலையிலும்தான் பழக்கம் நம்மை இடப்பக்கம் இழுக்கும். சாலையின் நடுக்கோடு எப்போதும் ஓட்டுநரின் பக்கம் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும். இந்த நாடுகளில் ரவுண்டானாவை வாகனங்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். உள்ளே நுழைபவர், பொதுவாக இடப்புறமிருந்து வரும் வாகனத்திற்கு வழிவிட வேண்டும். சாலையைக் கடக்கும் பாதசாரியும் முதலில் இடப்புறம் பார்க்க வேண்டும்.

வேகப் பலகையிலும் கவனம் தேவை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எண்கள் மைல் கணக்கில் உள்ளன. பிரிட்டனின் அதிவேகச் சாலையில் கார்களுக்கான 70 மைல் வரம்பு, ஏறத்தாழ 112 கிலோமீட்டர். ஐஸ்லாந்தில் ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர் வரம்பு. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

இந்தியச் சாலைகளில் காணாத விதிகளும் உண்டு. ஜப்பானில் ரயில் கடவையில் தடுப்பு திறந்திருந்தாலும் நின்று பார்த்த பின்னரே கடக்க வேண்டும். அமெரிக்காவில் சிவப்பு விளக்கு மின்ன நிற்கும் பள்ளிப் பேருந்தைக் கண்டால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் பொதுவாக எதிர்த்திசை வாகனங்களும் நிற்க வேண்டும். ஜெர்மனியில் குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அதிவேகச் சாலையில் வலப்புறமாக முந்துவதும் குற்றம்.

மது விஷயத்தில் ஒரு நாட்டின் வரம்பை மற்றொரு நாட்டிற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் என்பது இந்தியாவின் வரம்பு. இங்கிலாந்தில் 80, ஸ்காட்லாந்தில் 50. அமீரகத்தில் சிறிதளவுக்கும் இடமில்லை. ஜப்பானில் குடித்தவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறுபவரும் தண்டிக்கப்படலாம். குடித்தால் ஓட்டுவதில்லை என்பதே எங்கும் பொருந்தும் விதி.

வீடு திரும்பிய பின் வரும் அபராதம்

சுங்கக் கட்டணம் என்றால் சாவடியில் நிறுத்திச் செலுத்துவது மட்டுமல்ல. சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் செல்ல 40 பிராங்க் மதிப்புள்ள ஆண்டு வில்லை வேண்டும். ஒரு நாள் பயணத்திற்கும் இதே தொகைதான். 2023 முதல் இதை மின்னணு முறையிலும் பெறலாம். ஆஸ்திரியாவில் குறுகிய காலத்திற்கான வில்லைகள் கிடைக்கின்றன. லண்டன் மையப் பகுதியில் நெரிசல் கட்டணத்தை ஓட்டுநரே இணையம் வழியாகச் செலுத்த வேண்டும்; தடுத்து நிறுத்த அங்கு ஆள் இருக்க மாட்டார்.

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் வெளியார் வாகனங்களுக்குத் தடை உண்டு. ரோம், புளோரன்ஸ், பைசா உள்ளிட்ட நகரங்களில் இதைக் கேமராக்கள் கண்காணிக்கின்றன. வழிகாட்டும் செயலி சொன்னதை நம்பி நுழைந்தாலும், ஒவ்வொரு நுழைவும் தனி மீறலாகப் பதிவாகலாம். வாகன எண்ணைக் கொண்டு வாடகை நிறுவனத்தை அணுகும் நகர நிர்வாகம், ஓட்டியவரின் முகவரியைப் பெறுகிறது. அந்த விவரத்தைத் தந்ததற்காக நிறுவனம் கார்டிலிருந்து ஒரு கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அது அபராதம் அல்ல. அபராத அறிவிப்பு தனியே வரும். வெளிநாட்டில் வசிப்போருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாட்கள் அவகாசம் தருகிறது. பயணத்தை மறந்து பல மாதங்கள் ஆன பிறகு கடிதம் வருவதற்கு இதுவே காரணம். ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் பெரும்பாலான மீறல்களுக்கு 30 சதவீதச் சலுகையும் உண்டு. இத்தகைய நகரங்களில் காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ பேருந்திலோ செல்வதே சிக்கனம்.

விபத்து நேர்ந்தால்

முதலில் காரைப் பாதுகாப்பாக நிறுத்தி, காயமடைந்தோருக்கு உதவி கோர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர அழைப்பு எண் 112. பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. அமீரகத்தில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. இலங்கையில் போலீசுக்கு 119. இந்திய நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட ஆம்புலன்ஸ் சேவைக்கு 1990.

சிறு உரசல் என்றாலும் போலீஸ் பதிவு இல்லாமல் காப்பீடு கோர முடியாத நாடுகள் உள்ளன. ஆகவே எதிர்த்தரப்புடன் பணம் பேசி முடித்துக்கொள்வது பின்னர் பாதகமாகலாம். வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு உடனே தகவல் தெரிவித்து, இடத்தையும் வாகனங்களையும் படமெடுத்து, சாட்சிகளின் தொடர்பு விவரத்தைப் பெற வேண்டும். மொழி புரியாத தாளில் கையெழுத்திடுவதைத் தவிர்த்து, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். எவருக்கேனும் கடுமையான காயம் ஏற்பட்டாலோ, கைது செய்யப்பட்டாலோ இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். வழக்குச் செலவைத் தூதரகம் ஏற்கும் என்று எதிர்பார்க்கலாகாது. ஆனால் வழக்கறிஞர்களின் பட்டியலும் குடும்பத்தாருக்குத் தகவலும் கிடைக்க அது உதவும்.

காரைத் திருப்பித் தரும்போது

எரிபொருளை நிரப்பித் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், ஒப்படைக்கும் இடத்திற்கு அருகில் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர் காரைச் சோதித்துச் சேதமில்லை என எழுதித் தரும் வரை காத்திருப்பது நல்லது. நள்ளிரவு விமானத்திற்காகச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுச் செல்ல நேர்ந்தால், எடுக்கும்போது செய்ததைப் போலவே மீண்டும் வீடியோ எடுக்க வேண்டும். சாவியைப் போட்ட பின்பும், ஊழியர் காரைப் பார்வையிடும் வரை பொறுப்பு வாடிக்கையாளருடையது எனச் சில ஒப்பந்தங்கள் கூறுகின்றன.

ஒப்பந்தம், ரசீதுகள், வீடியோக்கள் ஆகியவற்றை ஊர் திரும்பியதும் அழித்துவிடாமல் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும். கார்டில் புரியாத கழிவு தென்பட்டால் வாடகை நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். ஏற்கத்தக்க பதில் வராவிட்டால் கார்டு வழங்கிய வங்கியிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்போது வாடிக்கையாளரின் சொல்லுக்குச் சான்றாக நிற்பவை, காரை எடுத்த நாளிலும் விட்ட நாளிலும் அவர் பதிவு செய்த படங்களே.